சீதனமாக வந்த கிழவர்

பெண் கேட்டுப் போகிற வீட்டில் ஓர் ஆம்பிளை செய்யக்கூடிய ஆகச் சிறந்த காரியம் சும்மா இருப்பது. இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும். தின்னத் தந்தால் தின்ன வேண்டும். இன்னும் போடவா என்று கேட்டால் 'கொஞ்சமாய்' என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் கையைக் காலை ஆட்டினால் வில்லங்கம்தான். இதை நான் ஒருவரிடமும் கேட்டு அறியவில்லை. இடது கால் வீங்கி அறிந்தேன்.

அப்போது நான் மொன்றியலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மரிசெல் அங்கே தாதி. சூப்பில் உப்பைக் குறைத்துப் போடு என்று சொல்வதற்காக அடிக்கடி குசினிப் பக்கம் வருவாள். அவள் வரவேண்டும் என்பதற்காகவே நான் உப்பைக் கூட்டிப் போட்டதாக என்னுடைய அண்ணை இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். (முழுப் பொய் என்று சொல்ல முடியாது.)

மரிசெல் பிலிப்பைன்ஸ்காரி. விசயத்தை வீட்டில் சொன்னபோது அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"அவையள் சோறு தின்னுற சனமோ?"

"ஓம் அம்மா. காலமையும் சோறுதான்."

"கருவாடு?"

"எங்களை விடக் கூடத் தின்னுவினம்."

அம்மா பெருமூச்சு விட்டார். "அப்ப பரவாயில்லை. இஞ்சத்தைச் சனம் மாதிரி பச்சைத் தண்ணியிலை அவிச்சுத் தின்னாயினம்" என்றார். எங்கள் வீட்டில் சம்மதம் கிடைத்த கதை அவ்வளவுதான்.

மீதியாக இருந்தது மரிசெலின் தாய். நான் அவரை டீட்டா நெனிங் என்று கூப்பிடுவேன். டீட்டா என்றால் அவர்களுக்கு மாமி மாதிரி. கட்டையான மனிசி. கணவர் இல்லை. ஊரார் பிள்ளைகளையும் ஊரார் கிழங்களையும் பார்த்து உழைத்து, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார். என்னைக் கண்டால் சிரிப்பார், சாப்பாடு தருவார், ஆனால் ஓம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டுச் சாமான்களோடு பெண் வீட்டுக்கு நேரில் போய்ப் பெண்ணைக் கேட்க வேண்டும். தாய் தகப்பன் தலையாட்டினால்தான் கலியாணம். மரிசெல் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "அம்மா வேண்டாம் என்றால் நான் கட்டமாட்டேன். என்னை இங்கே கூப்பிட்டு எடுக்கும்வரைக்கும் அவர் இந்த ஊரில் தனியாகக் கிடந்தவர். அவருக்குப் பிடிக்காததை நான் செய்யமாட்டேன்." விளையாட்டாகச் சொல்லவில்லை. 

அம்மாவுக்கோ அந்த முறை நல்லாகப் பிடித்துவிட்டது. "மரியாதையான சனம். எங்கடை ஆக்கள் எண்டால் முதல் சீதனத்தை எல்லோ கதைப்பினம். இவையள் வந்து கேளுங்கோ எண்டுதானே சொல்லினம். அங்கை போய் ஒருத்தரும் சீதனம் எண்ட சொல்லை வாயிலை எடுக்கக்கூடாது" என்று அண்ணையைப் பார்த்துச் சொன்னார். அண்ணை கட்டின இடத்தில் வாங்கின சீதனக் காரைத்தான் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தார்.

நாளும் குறித்தாயிற்று. ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு, பின் வளவில் கதிரை போட்டு இருப்பது என்று ஏற்பாடு. காலையில் தாயும் மகளும் பூசைக்குப் போய்விடுவார்கள். ஆகவே நான் வேளைக்கே போய், கொட்டிலில் இருக்கிற கதிரைகளை எடுத்துப் போட்டு வைக்க வேண்டும். மரிசெல் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். கதிரை போடு. அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

வெளிக்கிடும்போது அம்மா வாசலில் நின்று ஒரு புத்தி சொன்னார். "போற இடத்திலை மரம் மாதிரி நிக்காதை. குனிஞ்சு நிமிந்து ஏதும் செய். சுறுசுறுப்பான பெடியன் எண்டு அவைக்கு விளங்க வேணும்."

அவர்கள்தான் வீட்டில் இல்லையே, ஆருக்கு விளங்கப் போகிறது என்று நான் யோசிக்கவில்லை. அந்த நாட்களில் நான் எதையும் யோசித்துச் செய்ததாக ஞாபகம் இல்லை.

பின் வளவு சின்னது, ஆனால் வடிவானது. புல்லு ஒட்ட வெட்டியிருந்தது. ஒரு மூலையில் மட்டும், வேலிக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்குப் புல்லு வட்டமாக வளர்ந்து நின்றது. விலக்கிப் பார்த்தால் நடுவில் ஒரு எறும்புப் புற்று. கவிழ்த்து வைத்த சோற்றுப்பானை அளவு இருக்கும். பக்கத்தில் ஒரு சின்னப் பீங்கான் தட்டில் கொஞ்சம் சோறும் கடதாசி சுற்றிய ஒரு இனிப்பும்.

மூளை உள்ளவன் என்ன நினைப்பான்? இத்தனை கவனமாக ஒதுக்கி விட்டிருக்கிறார்கள், சாப்பாடும் வைத்திருக்கிறார்கள், இதில் ஏதோ இருக்கிறது என்று நினைப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம் தனி மனிசி, புல்லு வெட்டுகிற மெசினை மூலைக்குள் விட ஏலாமல் விட்டுவிட்டா. அணிலுக்குச் சோறு வேறு வைக்கிறா. மருமகன் என்று ஒருவன் வந்துவிட்டான், இனி இந்த வீட்டில் இப்படிக் குறைகள் இருக்கக்கூடாது.

கொட்டிலில் மண்வெட்டி இல்லை. குளிர்காலத்துச் சினோவை, அதாவது பனியை, தள்ளுகிற சவள் இருந்தது. ஆனி மாதத்து வெயிலில், பெண் கேட்கிற நாளுக்கென்று வாங்கிய புதுக் காற்சட்டையோடு, சினோ சவளால் அந்தப் புற்றை வழித்து எடுத்தேன். புல்லை வெட்டினேன். நிலத்தைக் காலால் மிதித்து மிதித்துச் சமப்படுத்தினேன். சோற்றைக் குப்பையில் கொட்டி, தட்டைக் கழுவி வைத்தேன். (இனிப்பை வாயில் போட்டேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது.) சமப்படுத்திய இடத்தில் நிழல் நன்றாக விழுந்ததால், இருந்ததற்குள் நல்ல கதிரையை எடுத்து அங்கேயே போட்டேன். அது டீட்டாவுக்கு.

எறும்புகள் என்னுடைய இடது காலால் ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். வேலியிலே போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டவன் கதைதான். நான் ஆடிய ஆட்டத்தைப் பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் பார்த்து மரியாதையாக "போன்ஜூர்" என்றார். நானும் ஆடிக்கொண்டே போன்ஜூர் சொன்னேன்.

எல்லாரும் வந்து சேர்ந்தபோது கால் கடுக்கத் தொடங்கியிருந்தது. அம்மா பட்டுச்சேலையோடு, அண்ணை கையில் தாம்பாளங்களோடு. ஒன்றில் பழங்கள், ஒன்றில் வடை, ஒன்றில் பயத்தம் பணியாரம். டீட்டா வாசலில் நின்று எல்லாரையும் கும்பிடாத குறையாக வரவேற்றார். முதலில் உள்ளே இருந்து ஆறுதலாகக் கதைப்போம், பிறகு வெளியே சாப்பிடுவோம் என்றார்.

இங்கேதான் எங்களுடைய இரண்டு சனத்துக்கும் பொதுவான ஒரு நல்ல பழக்கம் எனக்கு வினையாக வந்தது. அவர்களும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். சப்பாத்துக்குள் இருந்தவரைக்கும் என் கால் ஒரு இரகசியம். கழற்றியதும் அது சபைக்கு வந்துவிட்டது. புளித்த தோசை மா மாதிரிப் பொங்கிக்கொண்டு நின்றது. சோபாவில் இருந்து, அதை வலது காலுக்குப் பின்னால் ஒளித்துப் பார்த்தேன். ஒளிக்கிற அளவில் அது இல்லை.

டீட்டா முதியோரின் காலைப் பார்த்துப் பார்த்து உழைத்தவர். அவருடைய கண் நேரே அங்கேதான் போனது.

"காலுக்கு என்ன?" என்று இங்கிலிஷில் கேட்டார்.

"ஒன்றுமில்லை டீட்டா. எறும்பு கடித்தது."

"எந்த எறும்பு?"

நல்ல பெயர் வாங்குகிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். "பின் வளவில் புற்று ஒன்று இருந்தது. இனி உங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. துப்புரவாக்கிவிட்டேன்" என்று பல்லைக் காட்டினேன்.

மரிசெல் கையால் வாயைப் பொத்தினாள். டீட்டா எழுந்து பின் கதவைத் திறந்து வெளியே போனார். யன்னலுக்குள்ளால் பார்த்தேன். அந்தக் கதிரைக்கு முன்னால் போய் நின்றார். நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"இன்றைக்குக் கலியாணக் கதை கதைக்க ஏலாது" என்றார். "அவர் கோபமாக இருக்கிறார்."

"ஆர் அவர்?" என்று கேட்டேன்.

"நூனோ" என்று மரிசெல் அழுதுகொண்டே சொன்னாள். "புற்றுக்குள் இருக்கிற கிழவர். நீ அவருடைய வீட்டை இடித்து, அதுக்கு மேல் கதிரை போட்டிருக்கிறாய்."

அப்போதுதான் விசயம் விளங்கியது. அவர்களுடைய ஊரில் மரத்துக்கும் ஆற்றுக்கும் கல்லுக்கும் ஆள் இருக்கிறது. புற்றில் இருப்பவர் ஒரு முழம்கூட இல்லாத, நீளத் தாடி வைத்த ஒரு கிழவர். அந்தப் பக்கத்தால் போகும்போது 'தாபி தாபி போ' என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். ஐயா, கொஞ்சம் விலகுங்கோ, நாங்கள் போக வேணும் என்று அர்த்தம். சொல்லாமல் மிதித்தால் மிதித்த கால் வீங்கும்.

எல்லாரும் என்னுடைய காலைப் பார்த்தார்கள். அதுவும் சாட்சி சொல்ல வந்தது போலத் தன் பாட்டில் வீங்கிக்கொண்டிருந்தது.

கனடாவில் எங்கே நூனோ, அதுவும் இந்தக் குளிருக்குள் என்று நான் முணுமுணுத்தேன். டீட்டாவுக்குக் கேட்டுவிட்டது.

"இந்த வீட்டை நான் வாங்கியபோது என்னோடு ஒருவரும் இல்லை" என்றார் அவர். "மரிசெலின் கடதாசிகள் சரிவரவில்லை. தொலைபேசியில்தான் அவளை வளர்த்தேன். முதல் கோடையில் அந்த மூலையில் புற்று எழும்பியது. சரி, இந்த வீட்டில் நான் மட்டும் இல்லை என்று நினைத்தேன். நான் சாப்பிட்டதில் அவருக்கும் வைத்தேன். என் மகளைக் கொண்டுவந்து தாரும் என்று கேட்டேன். அந்த வருடமே அவள் வந்தாள். கோயிலிலும் கேட்டேன்தான். ஆர் தந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் நன்றியாக இருக்கிறேன்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் நிலத்துக்குள்ளும் எனக்கு வரவேற்பு இருக்காதே.

அதுவரைக்கும் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணை மொழிபெயர்த்தார். முடிவில் தன்னுடைய பங்குக்கு, "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று ஒன்றையும் சேர்த்துவிட்டார்.

அம்மா சிரிப்பார், இல்லாவிட்டால் இது என்ன மூடநம்பிக்கை என்று முகத்தைச் சுளிப்பார் என்று பயந்தேன். அம்மா எழுந்து வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"புத்தை வெட்டினனியோ? விசரா, புத்துக்குப் பால் வாக்கிற சனமடா நாங்கள். நல்ல காரியம் கதைக்கப் போற வீட்டிலை ஆராவது புத்திலை கை வைப்பானோ? குனிஞ்சு நிமிந்து ஏதும் செய் எண்டுதானே சொன்னனான். குடியிருக்கிறவரைக் கிளப்பச் சொன்னனானோ?"

பிறகு டீட்டாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தொழிற்சாலையில் கற்ற பிரெஞ்சில், "பார்தோன் மதாம், பார்தோன்" என்றார். தன்னுடைய நெற்றியைத் தொட்டுக் காட்டி, என்னையும் காட்டி, கையை விரித்தார். இவனுக்கு இஞ்சை ஒண்டும் இல்லை என்று அர்த்தம். டீட்டா தலையாட்டினார். அந்த வீட்டில் அவர் முதன்முதலாகத் தலையாட்டியது அதற்குத்தான்.

அதோடு என்னைச் சரிப்படுத்தும் பொறுப்பை இரண்டு தாய்மாரும் எடுத்துக்கொண்டார்கள். டீட்டா ஒரு பேசினில் தண்ணீர் எடுத்து, மெழுகுதிரியைச் சரித்து, மெழுகைத் துளி துளியாக அதில் விட்டார். உறைகிற மெழுகு ஆர் கோபித்தது என்று காட்டுமாம். டீட்டா குனிந்து பார்த்து, தாடி தெரிகிறது என்றார். அம்மா பார்த்து, "நாகம், படம் எடுத்துக்கொண்டு நிக்குது" என்றார். அண்ணை எட்டிப் பார்த்து, "கோழிக்கால் மாதிரிக் கிடக்கு" என்று சொல்லி இரண்டு பேரிடமும் முறைப்பு வாங்கினார்.

பிறகு அம்மாவின் முறை. நாவூறாகவும் இருக்கலாம், அதையும் பார்த்துவிட வேணும் என்று உப்பும் செத்தல் மிளகாயும் கேட்டு வாங்கி, என்னுடைய தலையைச் சுற்றி, அடுப்பில் காய்ந்த சட்டியில் போட்டார். நெடி வராவிட்டால் நாவூறு. வந்தால் இல்லை. வந்ததையா ஒரு நெடி. எல்லாரும் இருமி, மூக்கு ஒழுகி, புகை மணி வீடு முழுக்க அலறத் தொடங்கியது. மரிசெல் கதிரையில் ஏறித் துவாயால் அதற்கு விசுக்கினாள். இருமலுக்குள்ளும் அம்மா திருப்தியாகச் சொன்னார். "பாத்தியளே, நாவூறு இல்லை. இது புத்துத்தான்."

நின்றால் மூச்சு முட்டிச் சாவோம் என்று எல்லாரும் பின் வளவுக்கு ஓடினோம். ஓடி நின்ற இடம் அந்தக் கதிரைக்கு முன்னால்.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். நான் கதிரையைத் தூக்கி விலக்கிவிட்டு, முழங்காலில் இருந்து, சவளால் அள்ளி எறிந்த மண்ணைக் கையால் கூட்டி எடுத்துக் குவித்தேன். டீட்டா மன்னிப்புச் சொல்லித் தந்தார். நான் திருப்பிச் சொன்னேன். முடிவில், "தாபி தாபி போ."

"கிழவரைப் பாத்துப் போ எண்டோ சொல்லுறது?" என்று அம்மா பின்னால் நின்று அதட்டினார். "போங்கோ எண்டு சொல்லடா."

"அது அவையின்ரை பாசையிலை மரியாதைச் சொல்லம்மா."

"இருக்கட்டும். எங்கடை பாசையையும் அவர் கேக்கட்டும்."

தாபி தாபி போங்கோ என்றும் சொன்னேன்.

அப்போது அம்மா செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பட்டுச்சேலையோடு எனக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் முழங்காலில் இருந்தார். பிரட்ஜில் இருந்து எடுத்து வந்த பாலைக் குவியலைச் சுற்றி வார்த்தார். தாம்பாளத்தை இழுத்து, பயத்தம் பணியாரத்தைக் கையால் நொறுக்கித் தூவினார். டீட்டா தன்னுடைய அரிசிக் கேக் துண்டு ஒன்றை வைத்தார்.

"இனிப் பார்ப்போம்" என்றார் டீட்டா. "எறும்புகள் திரும்பி வந்தால் அவர் மன்னித்துவிட்டார். வந்தால் கலியாணம் கதைப்போம்."

"வராவிட்டால்?" என்று மரிசெல் மெல்லக் கேட்டாள். டீட்டா ஒரு கதிரையை இழுத்து மண்ணுக்கு முன்னால் போட்டார்.

கதிரைகளை வட்டமாகப் போட்டு எல்லாரும் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். நான் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தேன். வடை ஆறியது. சோறு ஆறியது. மரிசெல் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. என்னைக் கடித்த எறும்புகளை அவ்வளவு அன்போடு நான் அதற்கு முன்னும் தேடியதில்லை, பின்னும் தேடியதில்லை. வாருங்கோ, ஆசை தீர மற்றக் காலையும் கடியுங்கோ, வந்தால் போதும் என்று மனத்துக்குள் கெஞ்சினேன்.

முதலில் ஒன்று வந்தது. பணியாரத் துகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தார். கொஞ்ச நேரத்தால் அது தன்னுடைய சாதிசனத்தோடு வந்தது. நிரை நிரையாக வந்து, துகளைத் தூக்கிக்கொண்டு, நான் குவித்த மண்ணுக்குள் இறங்கிப் போனது.

டீட்டா சிலுவை அடையாளம் போட்டார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு டீட்டா அம்மாவைப் பார்த்து, எங்களுக்கெல்லாம் விளங்கட்டும் என்று, பிரெஞ்சில் "வுயி" என்றார். ஓம் என்று அர்த்தம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கால் நோவு என்று சொல்லிச் சமாளித்தேன். மரிசெல் பக்கத்தில் வந்திருந்து, "கால் நோவுக்கு மூக்கு ஏன் ஒழுகுது?" என்று கேட்டாள். மிளகாய் நெடி என்றேன். அன்றைக்குச் சாப்பிட்ட ஆறின சோறு மாதிரி ருசியான சோறு நான் சாப்பிட்டதில்லை.

கால் அடுத்த நாள் வற்றிவிட்டது. நூனோ மன்னித்ததால் என்று டீட்டா சொல்கிறார். பால் வார்த்ததால் என்று அம்மா சொல்கிறார். மருந்துக் கடையில் தான் வாங்கித் தந்த குளிசையால் என்று அண்ணை சொல்கிறார். நான் மூன்று பேருக்கும் ஓம் சொல்லிவிடுவேன். சும்மா இருக்கப் பழகிவிட்டேன்.

கலியாணம் முடிந்து பல வருடத்துக்குப் பிறகு ஒரு நாள், உள்ளி உரித்துக்கொண்டிருந்த டீட்டாவிடம் துணிந்து கேட்டேன். "பணியாரத்தில் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை போட்டால் எறும்பு வராமல் எங்கே போகும்? உங்களுக்கு அது தெரியாதா?"

டீட்டா என்னைப் பார்த்த பார்வையில், சினோ சவளோடு நின்ற அதே பெடியனாகிவிட்டேன்.

"எறும்பு வரும் என்று எனக்குத் தெரியாதா?" என்றார். "உன்னுடைய அம்மா அந்தச் சேலையோடு மண்ணில் இருந்தபோதே நான் ஓம் சொல்லிவிட்டேன். என்னுடைய கிழவருக்கு முழங்காலில் இருக்கிற வீட்டில் என்னுடைய மகளுக்கு ஒரு குறையும் வராது. எறும்பைப் பார்க்கச் சொன்னது உனக்காக. கொஞ்ச நேரம் பயந்து இரு என்றுதான்."

அதற்குப் பிறகு நாங்கள் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கினோம். அம்மா எங்களோடு வந்தார். குடிபூரலுக்கு டீட்டா ஒரு பூச்சாடியை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணையின் காரில் வந்து இறங்கினார். அதற்குள் அந்த மூலையின் மண். தானே பின் வளவுக்குக் கொண்டுபோய் வேலியோரம் கவிழ்த்தார். "மகளோடு ஒருவரும் வரவில்லை என்று உங்களுடைய சனம் சொல்லக்கூடாது" என்றார். அடுத்த கோடையில் அங்கே ஒரு புற்று எழும்பியது.

எங்களுடைய ஆட்களை உங்களுக்குத் தெரியும். கலியாண வீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, பிலிப்பினோப் பொம்பிளை எண்டால் சீதனம் ஒண்டும் வந்திராதே என்று மெல்ல நூல் விடுவார்கள். அம்மா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்வார். "ஏன் வராமல்? ஒரு கிழவர் வந்தவர். சோறு மட்டும் வைச்சாப் போதும்."

போன கோடையில் அண்ணை வந்து நின்று, சும்மா இருக்க ஏலாமல், புல்லு வெட்டித் தாறன் என்று மெசினை இழுத்துக்கொண்டு பின் வளவுக்குப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை. குசினி யன்னலைத் திறந்து அம்மாதான் கத்தினார்.

"டேய், மூலைப் பக்கம் போகாதை. அங்கை எங்கடை சீதனம் இருக்குது."